ஒண்ணுமில்லையாரின் வேன்

வண்டி ஓட்டுகிறவர்களை நான் இரண்டு இனமாகப் பிரித்து வைத்திருக்கிறேன். ஏதாவது சத்தம் கேட்டால் வண்டியை ஓரம்கட்டிப் பார்ப்பவர்கள் ஓர் இனம். ரேடியோவைக் கூட்டி வைப்பவர்கள் இன்னோர் இனம். முதல் இனத்தைப் பற்றி எழுத எதுவும் இல்லை. அவர்கள் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். இரண்டாவது இனத்தைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

அந்த இனத்தின் அப்பழுக்கில்லாத மாதிரி ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அவருடைய பழைய வேனைப் பற்றி யார் என்ன கேட்டாலும் ‘ஒண்ணுமில்ல’ என்றுதான் பதில் தொடங்கும் என்பதால், தெருவே கூடி அவருக்கு ஒண்ணுமில்லையார் என்று பெயர் வைத்துவிட்டது.

அவரைக் கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். ரேடியோ லேசாகக் கரகரத்தால் அன்றைக்கே அதைச் சரி செய்ய ஓடுகிறவர் அவர். முட்டாளும் இல்லை, மற்றவர்களுடைய வண்டியில் என்ன கோளாறு என்று தெருமுனையில் வரும்போதே சொல்லிவிடுவார். தன் வேனிடம் அவருக்கு அளவு கடந்த பிரியம். பிரியமானவர்களுக்கு நோய் வரும் என்று நம்ப அவருக்கு மனம் வராது. அவ்வளவுதான்.

அதனால் வேன் காட்டும் ஒவ்வொரு அறிகுறிக்கும் அவர் ஒரு சமாதானம் கண்டுபிடித்து வைத்திருந்தார். சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறினால், மீட்டருக்கு வயதாகிவிட்டது, அது கொஞ்சம் பயந்த சுபாவம். சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தால் காலைப் பனி, அதே புகை உச்சி வெயிலில் வந்தால் நேற்றுப் பெய்த மழை. ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீர் தரையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் காணாமல் போனால், இந்த வெயிலில் யாருக்குத்தான் தாகம் எடுக்காது. இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போலக் கேட்டால், டீசல் வண்டி என்றால் நாலு வார்த்தை பேசத்தான் செய்யும். சிவப்பு விளக்கு எரிந்தால்? அதற்கு அவர் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. பற்பசையோடு இலவசமாக வந்த சிரிக்கும் சூரியன் படத்தை எடுத்து விளக்கின் மேல் ஒட்டிவிட்டார். அதற்குப் பிறகு விளக்கு எரியும்போதெல்லாம் சூரியனுக்குக் கன்னம் சிவந்தது. பார்க்க நன்றாகவே இருந்தது.

அந்த வேனில் பயணிகள் என்று யாரும் கிடையாது, எல்லோரும் ஊழியர்கள். பக்கவாட்டுக் கதவு ஓடும்போது திறந்துகொள்ளும் என்பதால் அதைப் பிடித்துக்கொள்வது மைத்துனரின் வேலை. முன் இருக்கையில் உட்காரும் மனைவிக்கு ஹீட்டர் பொறுப்பு. இன்ஜின் சூடானால் ஹீட்டரைப் போட்டு அந்தச் சூட்டை வண்டிக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். கொளுத்தும் வெயிலில் இன்ஜினுக்குப் பதிலாக மனிதர்கள் வேகுவார்கள். மேட்டில் ஏறும்போது எல்லோரும் முன்பக்கம் சாய வேண்டும். நானும் ஒருமுறை சாய்ந்திருக்கிறேன். வண்டி ஏறியது; சாய்ந்ததால்தான் ஏறியதா என்பதை இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அவர் மனைவி தையல்காரர். ஊரில் உள்ள நாடகக் குழு, ஒரு ராஜா நாடகத்துக்கு வேண்டிய உடைகள் அத்தனையையும் முதல் தடவையாக அவரிடம் கொடுத்திருந்தது. ராஜாவின் அங்கி, ராணியின் மேலாடை, படைவீரர்கள், ஒரு கோமாளி. உடைகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து, மேடையில் ஒரு தையலும் பிரியாமல் இருந்தால் குழுவின் தையல் வேலை முழுவதும் இனி அவருக்குத்தான் என்று குழுத் தலைவர் சொல்லியிருந்தார். போய்ச் சேராவிட்டால் ராஜா லுங்கியோடுதான் மேடை ஏற வேண்டும்.

நாடகத்தன்று காலையில் வேனின் ரேடியோ நின்றுபோனது. ஒண்ணுமில்லையார் பதறிவிட்டார். நேராக மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போனார்.

“என்னண்ணே, வண்டிக்கு என்ன?”

“வண்டிக்கு ஒண்ணுமில்ல. ரேடியோதான் பாடல. வண்டியில என்னென்னமோ சத்தம் கேக்குது.”

“ரேடியோ பாடாததனாலயா?”

“ஆமா. நேத்து வரைக்கும் கேக்கலயே.”

மெக்கானிக் பானட்டைத் திறந்து, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். மூடியின் அடியில் வெளுத்த நுரை அப்பியிருந்தது.

“இது என்ன தெரியுதா?”

“பால் விட்ட காப்பி மாதிரி இருக்கு.”

“ஆயில்ல தண்ணி கலந்திருக்கு. ஹெட் கேஸ்கட் போச்சு. நீங்க ஊத்துற தண்ணியெல்லாம் இன்ஜினுக்குள்ளதான் இறங்குது, அதான் வெள்ளப் புகை. வண்டிய இங்கயே விட்டுட்டுப் போங்க.”

“சாயங்காலம் அரங்கத்துக்குப் போகணும்ப்பா. கிட்டத்துலதான். போயிட்டு வந்து விடறேன்.”

“போறது உங்க இஷ்டம். வர்றதுக்கு நான் பொறுப்பில்ல.”

“நீ எப்பவும் பயமுறுத்திக்கிட்டே இருப்ப. ரேடியோவப் பாரு.”

ரேடியோவுக்குப் போனது ஒரு ஃபியூஸ். மாற்றியதும் பாட ஆரம்பித்தது. வேனின் சகல கோளாறுகளும் அந்தக் கணமே தீர்ந்துவிட்டன.

“மெக்கானிக் என்ன சொன்னாரு?” என்று மனைவி கேட்டார்.

“ஒண்ணுமில்ல. ஃபியூஸ்தான்,” என்று சொல்லிவிட்டு விசிலடித்துக்கொண்டே உள்ளே போனார். மனைவி ஊசியில் நூல் கோப்பதை நிறுத்திவிட்டு, அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் உடைகளை மடிப்புக் கலையாமல் ஏற்றினார்கள். ராஜாவின் அங்கிக்கு ஓர் இருக்கை முழுவதும் கொடுக்கப்பட்டது. மைத்துனர் கதவைப் பிடித்துக்கொண்டார். வேன் கிளம்பியது. கடைத்தெருவைத் தாண்டும்போது சூரியனுக்குக் கன்னம் சிவந்தது. ஒண்ணுமில்லையார் ரேடியோவைக் கூட்டினார். மனைவி ஹீட்டரைப் போட்டார். பாலத்தின் ஏற்றம் வந்ததும் எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள்.

“மாமா, பின்னால ஒரே புகை.”

“பனி.”

“மாமா, இது சாயங்காலம்.”

“அப்ப சாயங்காலப் பனி.”

ரேடியோ இன்னும் கூடியது. அதற்கு மேலே அவருடைய விசில். திடீரென்று முன்பக்கத்திலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பிக் கண்ணாடியை மறைத்தது. இன்ஜின் ஒருமுறை பெருமூச்சு விட்டு அடங்கியது. ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

ஒண்ணுமில்லையார் தன் கையாலேயே ரேடியோவை அணைத்தார். பின்னால் மடித்து வைத்திருந்த அங்கியைத் திரும்பிப் பார்த்தார். மனைவியைப் பார்க்கும் தைரியம் இல்லை.

மனைவி நிதானமாக இறங்கினார். அதே சமயம் பின்னாலேயே வந்துகொண்டிருந்த ஒரு சின்னச் சரக்கு வண்டி பக்கத்தில் வந்து நின்றது. தெருவுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவருடைய வண்டி. கேன்கள் இல்லை. அடியில் சுத்தமான படுக்கை விரிப்பு விரித்திருந்தது.

“பாலத்துலதான் நிக்கும்னு சொன்னீங்களேக்கா, அதே மாதிரி நின்னுடுச்சே. உடுப்ப இந்த வண்டிக்கு மாத்திடலாமா?”

ஒண்ணுமில்லையாருக்கு முதலில் புரியவில்லை. “இவர்கிட்ட எப்ப சொன்ன?”

“காலையிலயே.”

“அந்த மெக்கானிக் போன் பண்ணிட்டானா?”

“அவர் எதுக்குப் பண்ணணும்? விசிலடிச்சுக்கிட்டே வந்தீங்களே. வண்டி நல்லா இருக்கிற அன்னிக்கு நீங்க விசிலடிச்சு நான் பார்த்ததில்ல.” அங்கியை எடுத்து அடுத்த வண்டியில் வைத்துக்கொண்டே சொன்னார்: “லைட்டு மேல சூரியன ஒட்டிட்டீங்க, சரி. உங்க வாய் மேல எத ஒட்டுவீங்க?”

மைத்துனர் பழக்க தோஷத்தில் நின்றுபோன வேனின் கதவை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார்.

ராஜா அங்கியோடுதான் மேடை ஏறினார். கடைசிக் காட்சியில் மேடை முழுக்கப் புரண்டு செத்தார். ஒரு தையல்கூடப் பிரியவில்லை. ஒண்ணுமில்லையார் வேனைக் கட்டி இழுத்து மெக்கானிக்கிடம் சேர்த்துவிட்டு, கையெல்லாம் கரியோடு அரங்கத்தின் கடைசியில் நின்று எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினார். குழுவின் அடுத்த நாடகத்துக்கும் அவர் மனைவிதான் தைக்கிறார்.

வேன் இப்போது சரியாகிவிட்டது. வெள்ளைப் புகை இல்லை, முள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. ஆனால் ஒண்ணுமில்லையாருக்கு நிம்மதி இல்லை. போன வாரம் மெக்கானிக்கிடம் போய், “வண்டியில சத்தமே கேக்கலப்பா, ஏதாவது கோளாறா?” என்று கேட்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். உங்களிடம் பழைய வேன் இல்லை என்ற தைரியம். மாடிப்படி ஏறும்போது உங்கள் முழங்கால் ‘டக்’ என்றதே, அது என்ன? படிக்கட்டு சரியில்லை. கடைவாய்ப் பல்? குளிர்ந்த தண்ணீர். சமையலறைக் குழாயடியில் இருக்கும் ஈரம்? யாரோ கை கழுவியிருப்பார்கள். இருக்கட்டும், உங்கள் சமாதானங்களை நான் கலைக்க வரவில்லை. ஆனால், இதைப் படித்து முடித்ததும் நீங்கள் எழுந்து விசிலடித்துக்கொண்டே நடந்தால், வீட்டில் யாராவது மெல்லிய குரலில் போன் பேசுகிறார்களா என்று காது கொடுத்துக் கேளுங்கள். தண்ணீர் கேன் வண்டிக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.