சுவரை ருசி பார்த்த நாக்கு சார்

அரசாங்க அதிகாரிகளில் கண்ணால் பார்ப்பவர் உண்டு, காதால் கேட்பவர் உண்டு, கையை நீட்டுபவரும் உண்டு. நாக்கை நீட்டி வேலை பார்த்த ஒரே அதிகாரி எங்கள் எர்ணாவூருக்குத்தான் வாய்த்தார். அவர் ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர். அப்பா அம்மா வைத்த பெயர் என்னவோ, எங்களுக்கு அவர் நாக்கு சார்.

எம்.கே.பி. நகர் குடியிருப்பில் வளர்ந்து, பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவர். சாம்பல் நிறச் சட்டை தவிர வேறு போடமாட்டார். மற்ற நிறமெல்லாம் ஏதாவது ஒரு கட்சிக் கொடியில் இருக்கிறதாம். எங்கள் தெருவில் இரண்டு டீக்கடை. ஒன்று ஆளுங்கட்சிக்காரருடையது, மற்றது எதிர்க்கட்சிக்காரருடையது. இவர் இரண்டுக்கும் நடுவே வெயிலில் நின்று, வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்க்கைத் திறப்பார். “சரியான லூசுபா” என்று இரண்டு கடையிலும் சொன்னார்கள்.

சில வருடங்களுக்கு முன் புயல் மழையில், ஆலை எண்ணெய் கலந்த ஆற்றுக் கழிமுகத் தண்ணீர் தெருவுக்குள் புகுந்தது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்ற வீட்டுக்காரர்களுக்கு, மேட்டில் கட்டிய குடியிருப்பில் வீடு தருவதாக அறிவித்தார்கள். வடிந்த தண்ணீர் சுவரில் விட்டுப்போன கோடுதான் அதற்குச் சாட்சி. மறுநாளே, தண்ணீர் எட்டிக்கூடப் பார்க்காத வீடுகளிலும் சேற்றைக் குழைத்துக் கோடு இழுத்துவிட்டார்கள். ஒருவர் பதற்றத்தில் மாடியறையில் இழுத்திருந்தார்.

நாக்கு சார் வந்தார். முதல் வீட்டுக் கோட்டில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தார். தெருவே முகம் சுளித்தது. “உப்பு” என்று சொல்லி எழுதிக்கொண்டார். கழிமுகத் தண்ணீர் கரிக்கும். கோடு இழுத்தவர்கள் சேற்றைக் குழைத்ததோ குடத்தில் பிடித்து வைத்திருந்த லாரித் தண்ணீரில்.

அடுத்த வீடு. “கரிக்கல. லாரித் தண்ணி.”

அதற்கடுத்த வீட்டுக்காரர் விவரமானவர். தெருமுனையில் செய்தி கேட்டதும் கல்லுப்பைக் கரைத்துப் பூசிவிட்டார். சார் சப்புக்கொட்டினார். “ஆத்துத் தண்ணில டீசல் நாத்தம் கீது. இது ரசம் மாரி கீது” என்று பெயரை அடித்துவிட்டார்.

ஆளுங்கட்சி வட்டச் செயலாளர் தட்டச்சு செய்த பட்டியலோடு வந்தார்.

“இன்னாத்துக்கு சார் இந்த பேஜாரு? கலீஜான சுவத்தயெல்லாம் நக்கிகினு கீறே. லிஸ்ட்டு ரெடியா கீது, கையெழுத்து போடு.”

“நான் பரிச்ச எழுதச்சொல்லோ நீ வந்து எழுதிக் குடுத்தியா?”

“இல்லியே.”

“அப்ப இதயும் நானே எழுதிக்கிறேன் நைனா.”

சொல்லிவிட்டு வட்டச் செயலாளர் வீட்டுச் சுவரையே ருசி பார்த்தார். கரிக்கவில்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் கைதட்டினார்கள். பிறகு அவர்கள் தலைவர் வீட்டுச் சுவர். அதுவும் கரிக்கவில்லை. கைதட்டல் நின்றுபோனது.

அடுத்தது எங்கள் வீடு. எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றது சத்தியமான உண்மை. ஆனால் வாசல் சுவரில், தேர்தலுக்காக அப்பா வரையவிட்ட சின்னம் இருந்தது, அதுவும் தோற்றுப்போன கட்சியின் சின்னம். அதைப் பார்த்த பிறகு எந்த அதிகாரி எங்கள் பெயரை எழுதுவார்? காலேஜ் படித்த அறிவாளியான நான், முந்தின நாள் துடைப்பத்தால் சின்னத்தைத் தேய்த்து அழித்தேன். கூடவே தண்ணீர்க் கோடும் போய்விட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். பிறகு நானே சேற்றைக் குழைத்துப் புதுக்கோடு இழுத்தேன், லாரித் தண்ணீரில்.

“கரிக்கல” என்றார் சார்.

அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். “அல்லாம் பூட்சு சார்… பாய், துணி, அரிசி, அல்லாம்…”

சார் என் பக்கம் திரும்பினார். “சுவத்த இன்னாத்துக்குக் கழுவின?”

“சின்னம் இருந்துச்சு சார். எங்க பேரு வராதுன்னு…”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தண்ணி சின்னம் பாத்துகினா உள்ள வந்துச்சு? நான் மட்டும் இன்னாத்துக்குப் பாக்கணும்?”

உள்ளே போய் பீரோவை நகர்த்தச் சொன்னார். அம்மா கழுவாமல் விட்ட அந்தப் பின்சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கோடு அப்படியே இருந்தது. விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தார். முகம் கோணிப்போனது. “யப்பா, இன்னா உப்பு!” என்றபடி எங்கள் பெயரை எழுதினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதிகாரி என்றால் கட்சி பார்ப்பார் என்று நாங்களே முடிவுகட்டி, கையிலிருந்த சாட்சியை நாங்களே அழித்திருக்கிறோம். தோற்றவன் வீட்டுச் சுவரையும் ருசி பார்க்க ஓர் ஆள் இல்லாவிட்டால், அடுத்த தேர்தலில் மனசுக்குப் பிடித்தவருக்கா ஓட்டுப் போடுவோம்? வீடு கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்துதான் போடுவோம்.

பட்டியல் மேலே போன வாரமே, சாரை மாற்றச் சொல்லி மனுவும் போனது. இரண்டு கட்சியும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட மனு எங்கள் தெருவில் அது ஒன்றுதான். அவரைப் புழல் பக்கம் தூக்கிப் போட்டார்கள். அதே சாம்பல் சட்டையும் பிளாஸ்க்குமாகக் கிளம்பினார். வழியனுப்ப ஒருவரும் போகவில்லை. நானும் போகவில்லை, எந்தக் கட்சிக்காரன் பார்ப்பானோ என்ற பயம். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பட்டியல் மாறவில்லை. மேட்டுக் குடியிருப்பில் வீடு கிடைத்தது. பால் காய்ச்சிய அன்று அப்பா திடீரென்று கேட்டார்: “அந்த சாரு நம்ம கட்சியாடா?”

“தெர்லபா.”

“இன்னா கட்சியா இருந்தா இன்னா?” என்றாள் அம்மா, பாலில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக்கொண்டே. “ஊரு உப்பயெல்லாம் நக்கிகினு போனாரு. அந்த நாக்குல ஒரு புடி சக்கரய போடணும்.”