பேசுகிற கம்பியும் கேட்கிற கம்பியும்

மாமன் சொல்லைத் தவிர உலகத்தில் எல்லார் சொல்லையும் கேட்கும் என் அருமை மருமகளுக்கு, பட்டறைப் பேரரசின் ஒரு பாதிக்கு அதிபதியான உன் தாய்மாமன் எழுதிக்கொண்டது. நான் சௌக்கியம். மறுபாதிக்கு அதிபதியான உன் அப்பாவும் சௌக்கியமாகத்தான் இருக்க வேண்டும், தும்மல் கேட்கிறது. உன் அம்மாவை முதல் வண்டியிலேயே அனுப்பிவை. உன் குழந்தை தானாக வளரும், இங்கே இருக்கிற இரண்டு கிழட்டுக் குழந்தைகள் வளராது.

உனக்குத் தெரியாததா? மேலே வளைவு வைத்த அந்தப் பல் டாக்டரின் பித்தளைத் தகட்டைத் தலைகீழாக மாட்டிப் பெயர் பொறித்தது நானா மச்சானா என்ற வழக்கு ஒன்பது வருஷமாக நடக்கிறது. அன்றிலிருந்து ஒரே அறையில் முதுகுக்கு முதுகு வேலை. "அக்கா, அந்த ஆளை ஸ்குரூ டிரைவரைக் குடுக்கச் சொல்லு." "உன் தம்பிகிட்ட சொல்லு, அது அவன் சட்டைப் பையிலதான் இருக்கு." இப்போது நடுவில் அக்கா இல்லை. போன வாரம் பொறிக்கிற எந்திரத்தின் கம்ப்யூட்டர் உயிரை விட்டது. "வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்காரன் வர்றான், எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிடுவான்" என்று மச்சான் சுவரைப் பார்த்து அறிவித்தார்.

எந்த எந்திரம்? நீ பிறந்த வருஷம் வந்தது. யானைக்குட்டி எடை. தலைப்பக்கம் மச்சான், கால்பக்கம் நான், மாப்பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் தூக்கி வந்தோம். நீ அழுதால் அதை ஓட்டுவோம். அந்தக் கிர்ர்ர் சத்தத்தில் தூங்கிவிடுவாய். உன்னைத் தூங்க வைக்க உன் பெயரையே பொறித்துப் பொறித்து உலகத்துப் பித்தளையில் பாதி தீர்ந்தது. அதையா இரும்புக்குப் போடுவது?

அதனால்தான் உன்னைக் கேட்டேன், நீயும் செத்த கம்ப்யூட்டருக்குப் பதில் ஒரு சில்லும், அதை எந்திரத்தோடு இணைக்க ஒரே மாதிரி இரண்டு போர்டும் அனுப்பினாய். எந்திரம் பன்னிரண்டு வோல்ட்டில் கர்ஜிக்கிற சிங்கம், உன் புதுச் சில்லு மூன்று சொச்சம் வோல்ட்டில் மூச்சு விடும் எறும்பு. நடுவிலிருக்கும் போர்டில் இந்தப் பக்கத்துக் கம்பி அந்தப் பக்கத்தைத் தொடாது, வெளிச்சம் மட்டும் செய்தியைச் சுமந்து தாண்டும் என்று எழுதியிருந்தாய். படித்ததும் உன் அம்மாவை நினைத்துக்கொண்டேன். பார்த்தால் மின்சாரம் திரும்பிப் போக இந்தப் பக்கம் ஒரு கிரவுண்ட் கம்பி, அந்தப் பக்கம் ஒரு கிரவுண்ட் கம்பி, தனித்தனியாக. மனசு கேட்கவில்லையம்மா! பாவம், ஒரே வீட்டில் ஏன் இந்தப் பிரிவினை என்று இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துவைத்தேன். "சேர்க்கவே கூடாது" என்று நீ சிவப்பில் எழுதியிருந்ததைப் போர்டு கருகிய புகைக்கு நடுவில்தான் படித்தேன். கருமேகம் என்று நம்பி நாலு தெருவில் காயப்போட்ட துணியை எடுத்தார்கள்.

இன்று வியாழன், இரண்டாவது போர்டு, கடைசி போர்டு. கிரவுண்டுகளைப் பிரித்தே வைத்தேன். எந்திரம் ஊமை. காலையிலிருந்து மத்தியானம் வரை ஊமை. அப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்:

"அடேய், பேசுற கம்பியைக் கொண்டுபோய் பேசுற கம்பியோடயே கட்டியிருக்கே. ரெண்டு பேரும் பேசினா எவன்டா கேக்குறது? மாத்திப் போடு."

ஒன்பது வருஷத்தில் முதல் நேர்ப்பேச்சு! நான் பதில் சொல்லவில்லை. நமக்கென்று ஒரு கௌரவம் இல்லையா? கம்பியை மட்டும் மாற்றினேன். கிர்ர்ர்! அதே சத்தம். நீ தூங்கின சத்தம். இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம், பித்தளைத் தூள்தான், வேறொன்றுமில்லை. மச்சான் போனை எடுத்து, "நாளைக்கு வர வேணாம்பா" என்றார். யாரிடம் என்று நான் கேட்கவில்லை. இதைச் சமாதானம் என்று எண்ணிவிடாதே. அவர் பேசியது கம்பியைப் பற்றி. ஆகவே அக்கா உடனே வந்தாக வேண்டும்.

நீயும் குழந்தையும் சிங்கத்தின் குரலோடும் எறும்பின் சுறுசுறுப்போடும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்

பி.கு.: அக்கா அவசரப்பட வேண்டாம், இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டே வரட்டும். இந்தக் கடிதத்தை மடிக்கும்போது எந்திரம் தானாக ஓடியது. மச்சான் தன் மேசை லேப்டாப்பிலிருந்து அனுப்பியிருக்கிறார். தகட்டைத் துடைத்துப் படித்தேன்: "பல் டாக்டர் தகட்டை மாட்டினது நான்தான். டீ ஆறுது, வா." பதிலுக்கு ஒரு தகடு பொறிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்குள் டீ ஆறிவிடுமே என்று நேரில் போய்ச் சொல்லிவிட்டேன், சர்க்கரை போதவில்லை என்று.