கிறீஸ் அண்ணையின் பஞ்சுப் போர்வை

மன்னார்த் தீவில் இதுவரை வாழ்ந்தவர்களிலும் இனி வாழப்போகிறவர்களிலும், கீரிக் கடற்கரை வெயிலில் குளிருக்குப் போர்வை தைக்க உட்கார்ந்த ஒரே மனிதர் கிறீஸ் அண்ணைதான். மின்விசிறி நின்றால் சவப்பெட்டிக்குள் இருப்பவரே எழுந்து விசிறிக்கொள்ளும் ஊர் இது.

வள்ளங்களின் எஞ்சின் திருத்துவது அவர் தொழில். உப்புக்காற்றுப் படும் இரும்புக்கெல்லாம் கிறீஸ் மசகு பூசவேண்டும் என்பது அவருடைய பதினோராவது கட்டளை. படலைப் பிணைச்சல், பூட்டு, கோயில் மணியின் கப்பி, எதையும் விடமாட்டார். ஒருமுறை என் மூக்குக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தவர், அதற்கும் பூசித்தான் திருப்பித் தந்தார். நான் காதோரம் புதிய மச்சத்தோடு திரிந்தேன். வயதில் நான் மூத்தவன். ஆனாலும் ஊரோடு சேர்ந்து நானும் அவரை அண்ணை என்றே கூப்பிடுவேன்.

அவர் மனைவி தாதி. ஊருக்கு அவர் மிஸி. பதவி உயர்வு கிடைத்து, குளிர்மலை நுவரெலியாப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் தலைமைத் தாதியாகப் போனார். கொஞ்ச நாளிலேயே இருமலோடும் விறைத்த விரல்களோடும் லீவில் வந்து இறங்கினார்.

"அந்தப் பதவியும் வேண்டாம், அந்தக் குளிரும் வேண்டாம். லீவு முடியமுதல் மறுப்புக் கடிதம் ஒண்டு எழுதித் தாங்கோ ஐயா."

நான் அரச கந்தோரில் காலமெல்லாம் இடமாற்றக் கோவைகளுக்குள் கிடந்து ஓய்வு பெற்றவன். மறுத்தால் அந்த உயர்வு இனி வராது, மேன்முறையீட்டை இன்னார் ஊடாக அனுப்பவேண்டும் என்று ஒழுங்காக விளங்கப்படுத்தினேன். மிஸி உள்ளே போனதும் கிறீஸ் அண்ணை என் பக்கம் குனிந்தார்.

"ஐயா, அவவுக்கு அந்த வேலை பிடிச்சிருக்கு. ஆஸ்பத்திரி வாட்டைப் பற்றிக் கதைக்கேக்க முகத்தைப் பாத்தனான். பிழை குளிரில. அதைத் திருத்தலாம்."

"கடையில ஒரு கம்பளி வாங்கிக் குடுங்கோவன்."

"கடைக்காரனுக்கு அவவின்ர கால் எப்பிடி விறைக்கும் எண்டு தெரியுமோ?"

மனைவியிடம் "போய் வாரும்" என்று இரண்டு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல் அவருக்கு வாயில் வராது. ஆகவே மிஸியின் தையல் மெசினை முற்றத்து வேம்பின் கீழ் இழுத்து வைத்தார்.

மேலே மிஸியின் பழைய நூல்சேலைகளும் தன்னுடைய சாரங்களும் ஒட்டுப்போட்ட துணி, நடுவில் பஞ்சு, அடியில் தடித்த சீத்தைத் துணி. மூன்றையும் சேர்த்துத் தைத்தால், மெசினின் கீழ்ப்பல் அடித்துணியை இழுத்துக்கொண்டு போனது; மேல்துணி வரமாட்டேன் என்று நின்று சுருங்கியது. இரண்டு திணைக்களங்கள் கூட்டாகச் செய்த வேலைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படியே இருந்தது.

கைத்தொலைபேசியில் தேடித் தேடி மருந்தைக் கண்டுபிடித்தார். அதன் பெயர் நடக்கிற பாதம். கொழும்பிலிருந்து எடுப்பித்தார். திருக்கை மீன் முகத்தோடு ஒரு சின்ன உருப்படி. அதன் கை, ஊசியைப் பிடிக்கும் திருகாணி மேல் ஏறி உட்காரும். ஊசி எழும்பும்போதெல்லாம் பாதமும் எழும்பி, மேல்துணியைப் பிடித்துக் கீழ்த்துணியோடு ஒரே அடியாக நடத்தும்.

அந்தக் கிழமை பங்குச் சுவாமி கரையில் வள்ளங்களையும் எஞ்சின்களையும் மந்திரித்து ஆசீர்வதிக்கிற நாள் வந்தது. வரிசையில் நின்ற பெரிய எஞ்சின்களுக்கு நடுவே, வெள்ளைத் துணியில் அந்தப் பாதம்.

"இது எந்த வள்ளத்துக்கு?" என்றார் சுவாமி.

"தையல் மெசினுக்கு, சுவாமி. இதுவும் ஓடுற சாமான்தான். வடிவாச் சொன்னால், நடக்கிற சாமான்."

"அப்ப விழாமல் நடக்கட்டும்" என்று சுவாமி தீர்த்தம் தெளித்தார்.

வினை அங்கேதான் தொடங்கியது. தண்ணீர் பட்ட இரும்பு, உப்புக்காற்று, கிறீஸ் அண்ணை. வீட்டுக்கு வந்ததும் தாராளமாகப் பூசி, மெசினில் மாட்டி, நடுவிலிருந்து தொடங்கவேண்டும் என்ற விதிப்படி போர்வையின் நட்டநடுவில் வைத்து, முழுவேகத்தில் விட்டார். துணி சுருங்கவில்லை. ஆனால் மிஸியின் நீலச் சேலைத் துண்டில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு கறுப்புக் கோடு.

மிஸி வெளியே வந்தார். "இஞ்சாருங்கோ, என்ர சீலையில ஏன் தார் றோட்டுப் போட்டிருக்கிறியள்?"

"உமக்குப் போர்வை."

"நான்தான் போகேல்லையே. எனக்கென்னத்துக்கு?"

கிறீஸ் அண்ணை பாதத்தைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினார். அதற்குப் பிறகு வேகம்தான் தகராறு. மெதுவாக ஓடினால் எஞ்சின் அடைத்துக்கொள்ளும் என்பது அவர் நம்பிக்கை; இந்தப் பாதமோ ஆறுதலாகத்தான் நடக்கும். "மெதுவா அண்ணை, மெதுவா" என்று சொல்ல நான் பக்கத்தில் கதிரை போட்டேன். எதையும் மெதுவாக்குவதில் எனக்கு அரச சேவை அனுபவம் உண்டு.

போர்வை முடிந்தது. கீரியில் அதை எங்கே சோதிப்பது? ஓலைத்தொடுவாயில் ஒரு மீன் முதலாளியின் ஐஸ் அறைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பாறை மீன்களுக்கு நடுவே போர்வையைச் சுற்றிக்கொண்டு அவர். சாத்தாத கதவைப் பிடித்துக்கொண்டு சாட்சியாக நான். யார் சொன்னார்களோ, மிஸி ஓட்டோவில் வந்து குதித்தார்.

"விசர் மனுசன்! செத்துப்போனால் ஆர் பாக்கிறது?"

திட்டிக்கொண்டே உள்ளே போய் அவருடைய கையைப் பிடித்தார். பிறகு குனிந்து காலைத் தொட்டார். திட்டு நின்றது. எத்தனையோ பேரின் சூட்டைத் தொட்டுப் பார்த்த கை, அந்தக் காலை விடாமல் அங்கேயே இருந்தது.

"சுடுதோ?" என்றார் கிறீஸ் அண்ணை.

"ம்."

மிஸி போர்வையை எடுத்து மணந்து பார்த்தார். "இந்த மணம் கழுவினால் போகுமோ?"

"மீன் மணம் போகும். கிறீஸ் போகாது."

மிஸி அந்தக் கறுப்புக் கோட்டை விரலால் தடவினார். "அது போகவேண்டாம்."

பிறகு என்னைப் பார்த்தார். "ஐயா, அந்தக் கடிதம் இனி வேண்டாம்."

"நான் இன்னும் எழுதத் தொடங்கேல்லை, மிஸி" என்றேன். அரச சேவை அனுபவம்.

மிஸி போர்வையோடு பஸ் ஏறிப்போய்விட்டார். கிறீஸ் அண்ணை இப்போது எனக்கு ஒன்று தைக்கிறார். எனக்கு எதற்கு என்று கேட்டேன்.

"வீட்டில ஒரு சத்தமும் இல்லை, ஐயா. மெசின் ஓடினால் நல்லாயிருக்கு. நீங்கள் வந்திருந்து மெதுவா எண்டு சொல்லுங்கோ, அது காணும்."

பின்னேரங்களில் போய்ச் சொல்கிறேன். அந்தப் போர்வை முடிந்துவிடக் கூடாதே என்று, தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன்.