முதல் தம்ளர்

நன்னீர் நாட்டின் வரலாற்றில் எனக்கு ஓர் இடம் உண்டென்றால் அது ஒரு குழியில்தான். மன்னர் அமுதவேந்தர் அரியணை ஏறிய இருபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்காகக் கடைவீதியில் வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அரண்மனைக் கட்டியக்காரன். அரசாணைகளை உரக்க வாசிப்பது என் வேலை. கம்பம் நடுவது அல்ல. ஆனாலும் ஆர்வக்கோளாறு விடுமா? கடப்பாரையைப் பிடுங்கி நானே ஓங்கிக் குத்தினேன். மூன்றாவது குத்தில் பூமியிலிருந்து தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீறிட்டது. மன்னரின் முப்பதடிப் படம் முதலில் நனைந்தது, பிறகு கிழிந்தது, கடைசியில் என் தலையில் விழுந்தது.

ராஜத்துரோகத்துக்கு என்ன தண்டனை என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, கூட்டம் குழிக்குள் உடைந்துகிடந்த குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாம்பல் நிறக் குழாய். கடப்பாரை உரசிய இடம் மட்டும் பளபளத்தது. பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் முத்தாட்சி குனிந்து நகத்தால் கீறினாள். கோடு விழுந்தது.

"நான் பூசுற வெள்ளீயம் இல்ல இது. காரீயம். வலைக்குக் குண்டு போடுவாங்களே, அது," என்றாள். "இதுக்குள்ள ஓடுறதையா நாம குடிக்கிறோம்?"

எனக்கு வீட்டு ஞாபகம் வந்தது. என் மகள் அல்லிக்கு ஐந்து வயது. ஒரு வருடமாக ஓயாத வயிற்றுவலி, முகம் வெளுத்துவிட்டது. போன ஆடியில் அட்டகாசமாகச் சொன்ன எழுத்துகளை இந்த ஆடியில் தேடிக்கொண்டிருந்தாள். எங்கள் நாட்டில் ஒரு வழக்கம் உண்டு: இரவெல்லாம் குழாயில் தங்கிய தண்ணீர்தான் சத்து நிறைந்தது என்பார்கள். விடிந்ததும் குழாயைத் திறந்து பிடிக்கும் முதல் தம்ளர் வீட்டின் கடைக்குட்டிக்கு. எங்கள் வீட்டுக் கடைக்குட்டி அல்லி. பிடித்துக் கொடுப்பவன் நான்.

நீர்த்துறை அமைச்சர் தில்லைக்கூத்தரிடம் ஓடினேன். சொட்டச் சொட்ட நின்று கேட்டேன்: "ஐயா, அந்தத் தண்ணிய என் பொண்ணுக்குக் குடுக்கலாமா?"

"குழாயை உடைத்தவர் நீர்தானே?"

"ஆமாங்க. குடுக்கலாமா?"

"மண்ணுக்குள் இருந்தவரை அந்தக் குழாயில் எந்தக் குறையும் இல்லை. நீர் தோண்டிய பிறகுதான் குறை வந்திருக்கிறது. குழு அமைக்கிறோம்."

குழு அன்று மாலையே கூடியது. மறுநாள் முதல் என் தொண்டைக்கு ஓய்வில்லை. முதல் ஆணை: இனி எவரும் காரீயம் என்று சொல்லக் கூடாது, 'மரபு உலோகம்' என்றே சொல்ல வேண்டும். அதை நான் அவ்வளவு கம்பீரமாக வாசித்தேன், கூட்டம் கைதட்டியது. முத்தாட்சி மட்டும், "பேர மாத்தினா வலி போயிருமா அண்ணே?" என்று கேட்டாள். நான் அடுத்த தெருவுக்கு விரைந்தேன்.

இரண்டாம் ஆணை: தண்ணீரைப் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சிக் குடிக்கவும். நாடே விறகு பொறுக்கியது. நான் அல்லிக்காக அதைக் கால்வாசியாகச் சுண்டவைத்தேன். அரசு சொன்னதைவிட ஒருபடி மேலே போகும் குடிமகன் அல்லவா. அவளுக்கு வலி கூடியது. மூன்றாம் ஆணை: பாடம் மறக்கும் பிள்ளைகளை இனி 'அமைதியான பிள்ளைகள்' என்று அழைத்துத் தேர்ச்சி பெறச் செய்யவும். அந்த வருடம் தேர்ச்சி நூற்றுக்கு நூறு. மன்னருக்குப் பாராட்டு விழா.

அதற்குள் தேர்தல் வந்தது; எங்கள் நாட்டில் மன்னரும் ஓட்டுக் கேட்டுத்தான் ஆக வேண்டும். மன்னரின் சின்னம் குழாய். வாக்குறுதி, வீட்டுக்கு இன்னொரு குழாய், அதே உலோகத்தில். எங்கள் ஊர் வாக்காளர்களின் வாயை அடைக்க, எல்லோர் கண்ணெதிரிலும் தண்ணீரைச் சோதிப்பதென்று முடிவாயிற்று. மேளம், பந்தல், மைக். ஊரே திரண்டது. எனக்கும் ஒரே பரபரப்பு. அல்லியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டேன். இன்று தெரிந்துவிடும்.

பரிசோதகர் நாகம்மை வந்தார். கண்ணாடி அணிந்த, அதிகம் பேசாத பெண்மணி. எங்கள் தெருக்குழாயைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் ஓடியது. ஒரு நாழிகை. இரண்டு நாழிகை. சாக்கடை நிறைந்தது. அதற்கப்புறம்தான் குப்பியில் பிடித்தார். அமைச்சர் குப்பியை உயர்த்தி, "அமுதம்" என்றார். மேளம் முழங்கியது. நானும் ஒரு தெருவுக்குக் கேட்கும்படி "அமுதம்" என்று கத்தினேன். கத்தி முடிக்கும்போதுதான் உறைத்தது.

நாகம்மை முதலில் சாக்கடைக்கு விட்டாரே, அந்தத் தண்ணீரைத்தானே நான் அல்லிக்குக் கொடுக்கிறேன்.

அமைச்சரிடம் முண்டியடித்துப் போனேன். "முதல்ல வர்ற தண்ணிய ஏன் ஐயா கொட்டுனீங்க?"

"விதி."

"எந்த விதி?"

"முதல் தண்ணீரைச் சோதித்தால் முடிவு சரியாக வருவதில்லை என்ற விதி. மகளின் தேர்ச்சிக்கு வாழ்த்துகள்."

நாகம்மை பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் நடந்துகொண்டிருந்தார். ஓடிப் பிடித்தேன். தோளில் அல்லி குலுங்கிச் சிரித்தாள்.

"அம்மா, ஒரு நிமிஷம். அறிக்கை, குழு, விதி எதுவும் வேண்டாம். இவளுக்குத்தான் எங்க வீட்ல முதல் தம்ளர்."

அவர் நின்றார். அல்லியின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். வயிற்றைத் தொட்டார்; அவள் முகம் சுளித்தாள்.

"காய்ச்சியா குடுக்கிறீங்க?"

"கால்வாசியா சுண்டவச்சு."

"தண்ணிதான் ஆவியாகும். ராத்திரியெல்லாம் குழாயில ஊறின காரீயம் அப்படியே அடியில நிக்கும்." தடைசெய்யப்பட்ட சொல்லை அவர் வெகு சாதாரணமாகச் சொன்னார். "இதையெல்லாம் ஒன்பது வருஷத்துக்கு முன்னாடியே அரண்மனைக்கு அறிக்கையா எழுதிக் குடுத்தேன். நீங்க வாசிக்கலையா?"

"என்கிட்ட வாசிக்கக் குடுத்ததத்தான் வாசிப்பேன்." சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. "அப்போ ஒருத்தரும் ஒண்ணும் செய்யலையா?"

"செஞ்சாங்களே. அறிக்கை கைக்குக் கிடைச்ச அந்த வாரமே அரண்மனைக் குழாய் அத்தனையும் மாத்தியாச்சு. அமைச்சர் வீட்லயும்."

மேளச் சத்தம் சந்துவரை வந்தது. நான் அல்லியைக் கீழே இறக்கி, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"குடுக்கலாமா, குடுக்கக் கூடாதா? அத மட்டும் சொல்லுங்க."

"குடுக்கக் கூடாது."