காப்பி ஷெட்டில் ஒரு போர் விமானம்

ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் நடக்கும் மாடல் போட்டியில் என் விமானம் கண்ணாடி போலப் பளபளக்காவிட்டால், இனி வாழ்நாளில் ஸ்ப்ரே டப்பாவைத் தொடுவதில்லை என்று சபதம் செய்தேன். சபதத்தைக் குளியலறையில் செய்தேன். எங்கள் வீட்டில் நான் சத்தமாகப் பேசக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

விமானம் என்றால் முழங்கை நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் போர் விமானம். பெட்டியில் துண்டு துண்டாக வரும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடிக்க வேண்டும். ஏற்காடு பஜாரில் ஒரு லாட்ஜ் ரிசப்ஷனில் உட்கார்ந்து, ஏரி எந்தப் பக்கம் என்று கேட்பவர்களுக்குக் கை நீட்டிக் காட்டுவது என் உத்தியோகம். நீட்டிய கைக்கும் ஒரு லட்சியம் வேண்டாமா?

முதல் விமானத்துக்குக் காருக்கு அடிக்கும் பெயிண்டை அடித்தேன். எதற்கும் அடிக்கலாம் என்று கடைக்காரர் சொன்னார். இறக்கை இரண்டும் சுட்ட அப்பளமாகச் சுருண்டன. அதற்குப் பிறகுதான், பிளாஸ்டிக்கைத் தின்னாத பெயிண்ட் என்று தனியாக இருக்கிறது, அதற்கு முன்னால் சாம்பல் நிற பிரைமர் அடிக்க வேண்டும் என்பதெல்லாம் புரிந்தது. இரண்டாவது விமானத்துக்கு எல்லாம் முறைப்படி. வாசலில் வைத்துக் கருநீலம் அடித்தேன். அற்புதமாக வந்தது. எங்கள் ஊர் வாழவந்தியின் மூடுபனி அதைப் பார்க்க இறங்கி வந்தது. ஈரக்காற்று பட்டால் பெயிண்ட் வெள்ளையாகப் பூத்துவிடும். பூத்தது.

என் மனைவி புஷ்பலதா அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"மொதப் பிளேன் சுருங்கிப்போச்சு. ரெண்டாவது நரைச்சுப்போச்சு. உங்க கைல வந்தா எல்லாத்துக்கும் ஏனுங்க இத்தன சீக்கிரம் வயசாவுது?"

"பனி, புஷ்பா. காத்துல ஈரம்."

"அப்ப ஊட்டுக்குள்ளார அடிங்க."

"அடிக்கட்டுமா?"

"அடிச்சுப் பாருங்க."

கல்யாணமானவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஈரம் எட்டிப் பார்க்காத இடம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். பின்னால் இருக்கும் தகர ஷெட். ஆனால் அதில் புஷ்பாவின் காப்பிக்கொட்டை மூட்டைகள் இருந்தன. காப்பிக்கொட்டை பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். பெயிண்ட் மணக்கும் காப்பியை எந்த வியாபாரி வாங்குவான்? ஆகவே மூட்டைகளை வெளியேற்ற வேண்டும். அதற்கு முன்னால் புஷ்பாவை வெளியேற்ற வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஷெட்டைக் காலி பண்ணித் தரச் சொல்லி தீபாவளியிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு இடுப்பு வலி என்று நானும் தீபாவளியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது திடீரென்று மூட்டை தூக்கினால் இடுப்பின் கதி என்ன ஆவது?

சனிக்கிழமை காலை களத்தில் இறங்கினேன்.

"மேனகா போன் பண்ணுச்சு, புஷ்பா." மேனகா மாரமங்கலத்தில் இருக்கும் அவள் தங்கை.

"உங்களுக்குங்களா?"

"ஆமா. அக்கா நெனப்பாவே இருக்குதாம். சோறு எறங்கலையாம்."

"அழுதாளுங்களா?"

"லேசா."

"அப்பப் போய்ப் பாக்கோணும்ங்க. பாவம் பொண்ணு."

அவ்வளவுதான். ஒரு குறுக்கு விசாரணை இல்லை. குடையை எடுத்தாள், செருப்பைப் போட்டாள். கேட்டருகே மட்டும் திரும்பினாள்.

"பொழுதோட வந்தர்றனுங்க. இடுப்பப் பத்தரமாப் பாத்துக்கங்க."

என் இடுப்பின் மேல் இத்தனை பாசமா என்று கண் கலங்கிவிட்டது.

பஸ் சத்தம் மறைந்ததும் மூட்டைகளை இழுக்க ஆரம்பித்தேன். காப்பி, மிளகு, ஓட்டைக் குக்கர், கால் உடைந்த கட்டில் எல்லாம் கூடத்துக்குப் போயின. பக்கத்து வீட்டு செல்வமேரி டீச்சர் வேலிக்கு மேல் தலையை நீட்டினார்.

"என்னங்க தம்பி, பெயிண்டுங்களா?"

"டீச்சர், புஷ்பாகிட்டச் சொல்லிராதீங்க."

"நான் எதுக்குங்க சொல்றேன். ஆனா தரையக் கழுவிருங்க. தூசி பறந்தா பெயிண்டுல ஒட்டிக்கும்."

நல்ல யோசனை. கழுவினேன்.

"மேல ஒட்டடை."

அடித்தேன்.

"அந்த மூலைல ஒரு பவர் பிளக் வெச்சுட்டா ஹீட்டர் போட்டுக்கலாம். ஈரமே அண்டாது. நம்ம ஐயாக்கண்ணு சும்மாதான் இருக்கறாரு, வரச் சொல்லட்டுங்களா?"

இப்படி ஒரு ரசிகை பக்கத்து வீட்டிலேயே இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே. ஐயாக்கண்ணு வந்து பிளக் வைத்துவிட்டுப் போனார்.

அதன்பின் என் வேலை. மூன்றாவது விமானம் பிரைமர் பூசித் தயாராக இருந்தது. டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தேன். கை அசரும்வரை குலுக்கினேன். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, விமானத்துக்கு வெளியே பீய்ச்சலை ஆரம்பித்து, மேலே ஓடவிட்டு, அந்தப் பக்கம் தாண்டி நிறுத்தினேன். மெல்லிய பூச்சு. காயவிட்டேன். இன்னொரு பூச்சு. கருநீலம் குளம் போல நின்றது. குனிந்தேன். இறக்கையில் என் முகம் தெரிந்தது. இனி காலைவரை எதுவும் படாமல் இருந்தால் போதும்.

ஜீப் சத்தம் கேட்டது.

முதலில் மேனகா இறங்கினாள். சோறு நன்றாக இறங்கிய முகம். அடுத்து புஷ்பா. அவளுக்குப் பின்னால், நாலு பேர் தூக்க, கேழ்வரகு அரைக்கும் மெஷின்.

"மாமா, நான் எப்ப மாமா அழுதேன்?" என்றாள் மேனகா.

புஷ்பா ஷெட்டைச் சுற்றிப் பார்த்தாள். "நொம்ப சுத்தமா இருக்குதுங்க. பிளக்கும் சரியான மூலைலதான் வெச்சிருக்கறாங்க."

"புஷ்பா, இதெல்லாம் என்ன?"

"நானும் மேனகாவும் சேந்து வாங்குனதுங்க. காப்பி சீசன்ல மூட்டை தூக்க ஆள் கெடைக்கல. போட்டிக்கு மொத நாள் எப்படியும் நீங்க என்னைய எங்கியாச்சும் தொரத்திவுடுவீங்கன்னு தெரியும். அதான் மெஷின இன்னிக்குன்னே சொல்லி வெச்சுட்டன். பிளக்குதான் கவலையா இருந்துச்சு. டீச்சர் பாத்துக்கறன்னாங்க."

வேலிக்கு மேல் தெரிந்த தலை சட்டென்று கீழே போனது.

"பெயிண்ட் காயல புஷ்பா. இன்னிக்கு ஓட்டிராதே."

"பூசை போட்டு ஒரு கைப்பிடி மட்டும் அரைக்கறமுங்க. இன்னிக்கு நல்ல நாளு."

மெஷினுக்குச் சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள். புதுப் பிளக்குக்கு வைத்தாள். கதவுக்கு வைத்தாள். நான் தடுப்பதற்குள் விமானத்தின் மூக்கில் ஒன்று, இறக்கைக்கு ஒன்று என்று மூன்று பொட்டு.

"ஈரம், புஷ்பா, ஈரம்..."

"ஒரே ரூம்புல இருக்கறதுல ஒண்ண மட்டும் உடலாமுங்களா? சாமி குத்தமாயிரும்."

மெஷின் ஓடியது. மாவு பறந்தது. விமானத்தின் மேல் ஒரு அண்டாவைக் கவிழ்த்து, அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் நின்றேன். காலையில் திறந்தபோது பளபளப்புக்குக் குறையில்லை. மூன்று பொட்டும் பெயிண்டோடு சேர்ந்து காய்ந்திருந்தன. சுரண்டினால் பெயிண்ட் வரும்.

அப்படியே சேலத்துக்குக் கொண்டுபோனேன். புஷ்பாவும் மேனகாவும் கூட வந்தார்கள். மேசை மேசையாக விமானங்கள். என்னுடையது மட்டும் கோயிலுக்குப் போய்விட்டு வந்தது போல இருந்தது. நடுவர் வந்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். நீண்ட நேரம் குனிந்தே இருந்தார்.

"இந்தப் பொட்டு யாரு வெச்சது?"

என் மானத்தைக் காப்பாற்ற ஒரு நொடிதான் இருந்தது. "சத்தியமா நான் இல்லைங்க சார். என் சம்சாரம். பேரு புஷ்பலதா. இதோ, இவதான்."

அவர் குறித்துக்கொண்டார். தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன்.

மதியம் மைக்கில் அவரே பேசினார். "பெயிண்ட் எல்லாரும் நல்லாத்தான் அடிச்சிருக்காங்க. ஆனா நம்ம ஊர்ல ஒரு வண்டி வாகனம் வந்தா மொத வேலை பொட்டு வெக்கறது. பிளேனுக்கும் அதைச் செய்யணும்னு ஒருத்தருக்குத்தான் தோணியிருக்கு. சிறப்புப் பரிசு, வாழவந்தி புஷ்பலதா."

அவள் மேடையேறிக் கேடயம் வாங்கினாள். நான் கீழே நின்று போட்டோ எடுத்தேன். அதிலும் என் விரல் குறுக்கே விழுந்துவிட்டது.