மில்லுக்குப் போகாத பை

ரோசலின் மிஸ் லீவில் போகும்போது ஹுஸ்னாவிடம் இரண்டு பொறுப்புகளை ஒப்படைத்தார். ஒன்று, முப்பத்திரண்டு பெண்பிள்ளைகள் அடங்கிய பள்ளிப் பாட்டுக்குழு. இன்னொன்று, வாயை இறுக்கிக் கட்டிய ஒரு மஞ்சள் துணிப்பை.

"எட்டே முக்காலுக்கு ப்ராக்டீஸ். அதுக்கு முன்னாடி இந்தப் பையைச் சுவருக்கு அந்தப் பக்கம் பொம்மையன் மில்லுல அரைக்கக் கொடுத்துரும்மா. சாயந்தரம் வாங்கி வச்சுக்க. மறுநாளும் அப்படித்தான்."

"தினமுமா மிஸ்?"

"தினமும். பாட்டைப் புள்ளைக பாத்துக்கிருவாங்க. நீ பையை மட்டும் மறந்துராத."

ஹுஸ்னாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவள் பி.எட். படிப்பவள், கணக்குக்காரி. பயிற்சிக்கு இந்தப் பள்ளியில் சேர்ந்த நாளில் கொடுத்த படிவத்தில், பொழுதுபோக்கு என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் கிடைக்காமல் 'பாட்டு கேட்பது' என்று எழுதித் தொலைத்திருந்தாள். தலைமையாசிரியை ஜெஸ்ஸியின் கண்ணில் அதில் முதல் சொல் மட்டும்தான் பட்டது.

"ரோசலின் மகளுக்கு நத்தத்துல பிரசவம். பத்து நாள் வரமாட்டாங்க. அதுக்குள்ள பள்ளி நாள் விழா வருது. பள்ளிப் பாட்டை மட்டும் நல்லபடியாப் பாட வச்சிரும்மா. கணக்குக்கு ஒரு போஸ்ட் காலியா இருக்கு. தாளாளர்கிட்ட நானே சொல்றேன்" என்றார் ஜெஸ்ஸி.

அந்த போஸ்ட் ஹுஸ்னாவுக்கு ரொம்பத் தேவை. ஜூனுக்குள் வேலை, இல்லாவிட்டால் கல்யாணம் என்று அவளுடைய அத்தா மீரான் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை துபாயில் இருந்தார். போட்டோவிலேயே அதிகாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போவதற்கு முந்தின நாள் காலையில் ரோசலினே பையை மில்லில் கொடுத்துவிட்டு வந்து ஒருமுறை பாடவைத்துக் காட்டினார். பின்சுவருக்கு அப்பால் மில் கரகரவென்று ஓட ஆரம்பித்தது. ரோசலின் அதைச் சட்டை செய்யாமல் கையை உயர்த்தினார். முப்பத்திரண்டு பிள்ளைகளும் ஒரே குரலாக எழும்பிப் பாடினார்கள். இந்த இரைச்சலிலேயே இப்படிப் பாடுகிறவர்கள் அமைதியில் எப்படிப் பாடுவார்கள் என்று ஹுஸ்னாவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு நின்றவளைச் சக பயிற்சி ஆசிரியை சத்யபிரியா பிடித்துக்கொண்டாள்.

"என்னடி இது?"

"கோதுமை. ரோசலின் மிஸ் அரைக்கக் கொடுக்கச் சொன்னாங்க. தினமும் ரெண்டு கிலோ."

"ஊர்லயே இல்லாதவங்களுக்கு என்னத்துக்குடி மாவு? உன்னை நல்லா வேலைக்காரியாக்கிட்டாங்க. இப்படித்தான் எனக்கு ஒருத்தர் அவர் பேரனோட ரெக்கார்டு நோட்டு பூராத்தையும் வரையக் கொடுத்தார். இன்னைக்குக் கோதுமைம்பாங்க, நாளைக்கு ரேஷன் கடைக்குப் போம்பாங்க. முடியாதுன்னு நில்லு."

ஹுஸ்னாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பாட்டறை மூலையில், எலி துருத்தியைத் தின்றுவிட்ட ஆர்மோனியம் ஒன்று ரிப்பேருக்கு அனுமதி வரும் என்று மூன்று வருடமாகக் காத்திருந்தது. பையை அதன் அடியில் தள்ளினாள். எதிரே போய் நிமிர்ந்து நின்று, கையை ரோசலின் மாதிரியே உயர்த்தினாள்.

முப்பத்திரண்டு பேரும் முப்பத்திரண்டு விதமாக ஆரம்பித்தார்கள்.

"நிறுத்துங்க. என்னாச்சு உங்களுக்கு? நேத்து நல்லாத்தானே பாடுனீங்க?"

குழுத்தலைவி இளவேனில் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க பிடிக்கிறதுன்னு தெரியல மிஸ். ரோசலின் மிஸ் இருந்தா சத்தம் தானா வரும்."

தன்மேல் மரியாதை இல்லை, அதுதான் விஷயம் என்று ஹுஸ்னா முடிவு செய்தாள். ரொம்பப் பிசகிய ஆறு பேரைப் பொறுக்கி, "நீங்க வாயை மட்டும் அசைங்க, சத்தம் வரக்கூடாது" என்றாள். அடுத்த நாள் இன்னும் எட்டுப் பேரை அந்தக் கட்சியில் சேர்க்க வேண்டியிருந்தது. வாயசைக்கும் வேலை சுலபமாக இருப்பதைப் பார்த்து, மிச்சம் பேரும் வேண்டுமென்றே பிசக ஆரம்பித்தார்கள்.

மூன்றாம் நாள் போனில் சுருதிப்பெட்டி ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டு வந்தாள். அது ஙொய் என்றது. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவழியாகச் சிரிப்பு அடங்கி இளவேனில் வாயைத் திறக்கும் நேரத்தில் போன் அடித்தது. ஹுஸ்னா பதறி அமுக்கியதில் ஸ்பீக்கர் உயிர் பெற்றது.

"ஏம்மா, வேலை என்னாச்சு? மாப்பிள்ளை வீட்ல கேக்குறாக" என்றார் அத்தா, முப்பத்திரண்டு பேரிடமும்.

அன்று மதியம் வெட்கத்தை விட்டு ரோசலினுக்கே போன் போட்டாள்.

"மிஸ், பேத்தியா பேரனா?"

"பேத்திம்மா. பையைக் கொடுத்தியா?"

"மிஸ், புள்ளைக சரியாவே பாட மாட்டேங்குறாங்க."

"பையைக் கொடுத்தியான்னு கேட்டேன்."

பாட்டு நாசமாகிக் கிடக்கிறது, இந்த அம்மாளுக்குக் கோதுமைதான் பெரிசாக இருக்கிறது. ஹுஸ்னாவுக்கு எரிச்சலாக வந்தது. "கொடுத்துட்டேன் மிஸ், தினமும் கொடுக்குறேன்" என்றாள்.

"அப்பறம் என்ன, எல்லாம் சரியாயிரும். பிள்ளை அழுகுது, வைக்கட்டா" என்று ரோசலின் நிம்மதியாக வைத்துவிட்டார்.

விழாவுக்கு நாலு நாள் இருக்கையில் யாரோ ஒரு புண்ணியவான் காலையிலேயே மில்லுக்கு ஒரு மூட்டை வத்தல் கொண்டுவந்துவிட்டார். சரியாக எட்டே முக்காலுக்கு மில் ஓட ஆரம்பித்தது. பிள்ளைகள் சட்டென்று நிமிர்ந்து நின்று, சொல்லாமலே பாட ஆரம்பித்தார்கள். வாயசைக்கும் கட்சிகூடச் சத்தமாகப் பாடியது. ஆனால் அந்த இரைச்சலில் ஹுஸ்னாவின் காதில் எதுவும் சரியாக விழவில்லை. இரண்டாவது அடியில் வத்தல் நெடி சுவரேறி வந்தது. இளவேனில் தும்மினாள், பின்வரிசை இருமியது, ஹுஸ்னாவின் கண்ணில் தண்ணீர் கொட்டியது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நேராக மில்லுக்குப் போனாள்.

பொம்மையன் உடம்பெல்லாம் மாவாக எழுந்து நின்றார். "வாங்க டீச்சரம்மா. புதுசா வந்திருக்கீகளா?"

"உங்க மில் சத்தத்துல புள்ளைக பாட முடியல. விழா முடியிறவரைக்கும் காலையில ஓட்டக் கூடாது."

பொம்மையன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நிப்பாட்டணுமா? நெசமாத்தான் சொல்றீகளா?"

"ஆமா."

"ரோசலின் டீச்சருக்குத் தெரியுமா?"

"அவங்கதான் சொல்லச் சொன்னாங்க" என்றாள் ஹுஸ்னா. ஒரு பொய் சொன்னவளுக்கு இரண்டாவது சிரமமாக இல்லை.

"அவகளே சொல்லிட்டாகன்னா சரி. வேற ஏற்பாடு பண்ணிட்டாக போலருக்கு" என்று முனகிக்கொண்டு பொம்மையன் சுவிட்சை அணைத்தார். அவர் சொன்ன சொல் தவறாத மனிதர். அதற்குப் பிறகு விழா வரைக்கும் மில் காலையில் மூச்சு விடவில்லை.

விழா அன்று மைதானத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். தாளாளர் முன்வரிசை நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜெஸ்ஸி, ஹுஸ்னாவைப் பார்த்துத் தைரியமாகத் தலையாட்டினார். ஹுஸ்னா கையை உயர்த்தினாள்.

இளவேனில் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு பின்சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். முப்பத்தொரு தலைகளும் அதே பக்கம் திரும்பின. என்னவோ வரும் என்று நின்றார்கள், ஒன்றும் வரவில்லை. ஹுஸ்னா மைக்கை நெருங்கினாள். தானே முதல் அடியை எடுத்துக் கொடுத்தாள். பாட்டு கேட்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவளின் குரல் மைக்கில் போய் மைதானத்தைச் சுற்றி வந்தது. பிள்ளைகளில் சிலர் அதற்கு மேலே பிடித்தார்கள், சிலர் கீழே பிடித்தார்கள். மிச்சம் பேர் விசுவாசமாக வாயை மட்டும் அசைத்தார்கள். தாளாளர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தவர் பாட்டு முடிந்துதான் நிமிர்ந்தார்.

விழா முடிந்ததும் ஜெஸ்ஸி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டவில்லை. "கணக்கு போஸ்ட் அடுத்த வருசம் பாக்கலாம்மா" என்றார். திட்டியிருந்தால் தேவலாம் என்று ஹுஸ்னாவுக்கு அழுகையாக வந்தது. போனில் அத்தாவின் பெயர் வந்து வந்து அணைந்தது. அவள் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை ரோசலின் வந்துவிடுவார். சொன்ன பொய்களில் ஒன்றையாவது உண்மையாக்கி வைப்போம் என்று, ஆர்மோனியத்தின் அடியிலிருந்த பையை எடுத்துத் தூசியைத் தட்டிக்கொண்டு மில்லுக்குப் போனாள்.

பொம்மையன் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே இருந்தது கோதுமை இல்லை. நைசாக அரைத்த மாவு.

"இது ஏற்கெனவே அரைச்சதுதானேண்ணே? இதை எதுக்குத் திரும்ப அரைக்கணும்?"

"சும்மா ஓட்டுனா கல்லு தேஞ்சிரும்னு மூணு வருசமா இதே மாவைத்தான் போட்டு ஓட்டுறேன் டீச்சரம்மா, ஆர்மோனியத்தை எலி தின்னதுலருந்து நம்ம மோட்டார் சத்தத்தைப் பிடிச்சுத்தானே உங்க புள்ளைக பாடுதுக."