பதினேழாவது பொருள்: பல் செட் ஒன்று

கர்னலின் பல் செட்டைக் காணவில்லை.

பட்டாபிராமன் கண்ணாடிப் பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். கிண்ணம் இருந்தது, தண்ணீர் இருந்தது, பல் இல்லை. இன்னும் அரை மணியில் ஜெனரல் வந்துவிடுவார்!

வடக்கே கோர்படி கன்டோன்மென்ட்டில் உள்ள அந்தப் பங்களா, போன வருஷம், அதாவது 1997-இல், காலமான கர்னல் சௌந்தரத் துரையுடையது. ஆலங்கோட்டை ஜமீனின் கடைசி வாரிசு. கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தாள் என்று எழுந்து வந்துவிட்டாராம். பாலில் தண்ணீர் கலந்த பால்காரரை வராந்தாவில் அட்டென்ஷனில் நிறுத்தி விசாரித்து, எழுத்து மூலம் கண்டித்தார். குதிரை ரிட்டயர் ஆனதற்குப் பாண்டு வாத்தியம் வைத்தார். இப்பேர்ப்பட்டவருக்கு நினைவில்லம் வைக்காமல் வேறு யாருக்கு வைப்பது?

இன்று திறப்பு விழா. பட்டாளத்து வழக்கப்படி ஜெனரல் பட்டியலைக் கையில் பிடித்து அறுபத்து மூன்று பொருள்களையும் ஒவ்வொன்றாக டிக் அடிப்பார். எல்லாம் இருந்தால் பட்டாபிராமனின் டெம்பரரி காப்பாளர் வேலை பெர்மனென்ட். ஒன்று குறைந்தாலும் ஐம்பத்திரண்டு வயதில் வேலை தேடி அலைய வேண்டியதுதான்.

கர்னலின் படுக்கையறையைப் பூட்டி, பதினைந்து நாள் உட்கார்ந்து பட்டியல் போட்டது அவர்தான். கர்னலின் பழைய ஆர்டர்லி காசிம் கூடவே நின்று என்னவோ குழறிக்கொண்டிருந்தார். எஜமானை இழந்த துக்கம், பாவம் என்று பட்டாபிராமன் அவர் முதுகில் தட்டி வெளியே அனுப்பிவிட்டார்.

"விசாலம்! உங்கப்பாவைக் கூப்பிடு!"

மாமனார் சங்கரன் விழாவில் கடவுள் வாழ்த்துப் பாட வந்திருந்தார்.

"ஒரு மணி நேரத்துக்கு உங்க பல் செட்டைக் கழட்டிக் குடுங்கோ."

"என்ன விளையாடறேளா மாப்பிள்ளை? நான் பாட வேண்டாமா?"

"இவர் வேலை போயிடும்ப்பா!" என்று விசாலாக்ஷி கையைப் பிசைந்தாள்.

பல் கிண்ணத்துக்குப் போயிற்று. கடவுள் வாழ்த்து வெறும் காற்றாக வந்தது.

"தமிழ் சிப்பாய்ங்களோட முப்பது வருஷம் இருந்தேன். ஒரு வார்த்தை கூட புரியலையே?" என்றார் ஜெனரல்.

"ரொம்பப் பழைய தமிழ், சார்."

படுக்கையறையில் ஜெனரல் கட்டிலுக்கு ஒரு சல்யூட் அடித்தார். டிக். ஹூக்கா, டிக். செருப்பு, டிக். பதினேழில் அப்படியே நின்றுவிட்டார். கண் கலங்கிவிட்டது.

"லெப்டினன்டா இருந்தப்ப இந்தப் பல்லுதான் என்னைத் திட்டிச்சு! இது இங்க இருக்கக் கூடாது. இன்னிக்கே ரெஜிமென்ட் மியூசியத்துக்கு அனுப்புங்க!"

"ஐயோ!" என்று மாமனார் அலறினார்.

"யார் இவர்?"

பட்டாபிராமன் குறுக்கே பாய்ந்தார். "கர்னலோட... உயிர் சிநேகிதர் சார். துக்கம் தாங்கலை."

"அப்போ கட்டாயம் ரெண்டு வார்த்தை பேசணும்!"

கூடத்து மேடைக்கு அழைத்துப்போய் மைக்கைக் கையில் திணித்துவிட்டார்கள். சங்கரன் மாப்பிள்ளையை விரலால் சுட்டி, முழுசாக ஐந்து நிமிஷம் வாய்க்கு வந்தபடி திட்டினார். ஒருவருக்கும் புரியவில்லை. ஜெனரல் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

படுக்கையறைக்குத் திரும்பியதும் ஒரு சிப்பாய் பல்லைப் பஞ்சில் சுற்ற ஆரம்பித்தான். மாமனார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பட்டாபிராமன் மாமனாரைப் பிடித்து இழுத்தார். அந்த நேரம் பார்த்து, சமையற்கட்டுப் பக்கமிருந்து காசிம் வந்தார். வாய் நிறையப் பல்!

"பிரியாணி ஜோர்!" என்றார் கணீரென்று.

"காசிம் பாய்! கர்னலோட பல்லை நீரா எடுத்துப் போட்டுண்டீர்?" என்று பட்டாபிராமன் தன்னை மறந்து கத்திவிட்டார்.

ஜெனரலின் பேனா அந்தரத்தில் நின்றது.

"இது என் பல்லு சார்! நீங்க பூட்டி வெச்சதுல பதினஞ்சு நாளா கஞ்சிதான் குடிச்சேன். வாயைத் தொறந்து சொல்லவும் முடியல. இன்னிக்கு விழாவுக்கு ரூமைத் தொறந்ததும் எடுத்துப் போட்டுக்கிட்டேன்."

"உம்ம பல்லு கர்னல் ரூமுக்கு எப்படி ஓய் வந்தது?"

"இது என் ரூமு சார். ஜெனரல் சாப் சல்யூட் அடிச்சது என் கட்டிலுக்கு. கர்னல் சாப் முப்பது வருஷமா பின்னாடி லாயத்துல, குதிரை பக்கத்துலதான படுத்தாரு!"